இருபது மணிக் கணக்கு

விடியற்காலை ஐந்து மணிக்கு அலாரம் அடித்து எழுந்திருப்பது நம் வீட்டுப் பெண்களுக்கு ஒன்றும் புதிதல்ல. வாசல் தெளித்துக் கோலம் போட்டு, டிகாக்‌ஷன் இறங்குவதற்குள் குழந்தைகளின் டிபன் டப்பாவுக்கு வழி செய்துவிடும் சாமர்த்தியசாலிகள் எத்தனையோ பேர். ஆனால் அமெரிக்காவில் காலேஜில் படிக்கும் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியும் அதே ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறாள் என்றால் நம்புவீர்களா? அந்த ஊரில் இந்த வயதுப் பெண்கள் ஒன்பது மணிக்கு முன்னால் போர்வையை விலக்குவதில்லை என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்?

இவள் எழுந்திருப்பது படிப்பதற்காக அல்ல; நீந்துவதற்காக.

அங்கே பெரிய சர்வகலாசாலை ஒன்றின் நீச்சல் அணியில் இடம் பெற்றிருக்கும் மாணவியின் சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று பார்ப்போம். யாரோ ஒரு குறிப்பிட்ட பெண்ணைச் சொல்லவில்லை. அணிக்கு அணி அரை மணி முன்னே பின்னே இருக்கலாம். மொத்தத்தில் கதை ஒன்றுதான்.

ஐந்தரைக்கு விடுதியை விட்டுக் கிளம்புகிறாள். வெளியே கும்மிருட்டு. வடக்கு மாகாணங்களானால் பனி வேறு கொட்டிக்கொண்டிருக்கும். ஆறு மணிக்குத் தண்ணீரில் இறங்கினால் ஏழரைக்குத்தான் கரையேறலாம். அவசரமாக ஒரு குளியல், அவசரமாகக் காலை உணவு. ஈரத் தலையோடு ஒன்பது மணி வகுப்புக்கு ஓட்டம். (நம் பாட்டிமார்கள் பார்த்தால் சாம்பிராணிப் புகை காட்டாமல் விடமாட்டார்கள்!) மத்தியானம் ஒன்று வரை வகுப்பு. பிறகு தோள்பட்டைக்குச் சிகிச்சை: ஒருநாள் ஐஸ் கட்டி, ஒருநாள் பிடித்துவிடல். இரண்டரைக்குப் பளு தூக்கும் கூடம், அதிலிருந்து நேரே மறுபடியும் நீச்சல் குளம். ஐந்து மணிக்கு வெளியே வந்து, சாப்பிட்டு முடித்தால், ஏழிலிருந்து ஒன்பது வரை கண்காணிப்பாளரின் முன்னால் உட்கார்ந்து படிப்பு. முதல் வருஷ மாணவிகளுக்குப் பல இடங்களில் இது கட்டாயம். அதன் பிறகு அறைக்குத் திரும்பி மறுநாளைக்கான கட்டுரையை எழுதவேண்டும். பன்னிரண்டு மணிக்குக் கண்ணை மூடினால் ஐந்து மணிக்கு மறுபடியும் அலாரம்.

இதில் விளையாட்டுக்கு என்று அவள் செலவழித்தது எத்தனை மணி நேரம்? புத்தகத்தில் எழுதப்படும் விடை: நாலே நாலு மணி.

சொந்தக் கணக்காக நான் சொல்லவில்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக்களை நிர்வகிக்கும் சங்கத்துக்கு என்.சி.ஏ.ஏ. என்று பெயர். 1906-ல் பிறந்தது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவ மாணவிகள் அதன் குடையின் கீழ் ஆடுகிறார்கள். பிள்ளைகளைப் பயிற்சியாளர்கள் மிதமிஞ்சி வாட்டுகிறார்கள் என்ற புகார் முற்றிப்போய், 1991-ல் இந்தச் சங்கம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. போட்டிப் பருவத்தில் விளையாட்டு சம்பந்தமான காரியங்களுக்கு வாரத்துக்கு 20 மணி நேரம்தான்; ஒரு நாளைக்கு 4 மணிக்கு மேல் கூடாது; வாரத்தில் ஒரு நாள் கட்டாய விடுமுறை. கேட்கும்போது நியாயமாகத்தானே இருக்கிறது? வாரத்துக்கு 168 மணியில் 20 போனால் என்ன குடி முழுகிவிடும்?

விஷயம், எது கணக்கில் சேரும், எது சேராது என்பதில் இருக்கிறது. அந்தப் பட்டியலைப் படித்தால் நம் வீட்டுப் பெண்களுக்குச் சிரிப்பு வந்தாலும் வரும், கோபம் வந்தாலும் வரும். உடை மாற்றுவது, குளிப்பது, மூட்டுக்களில் டேப் சுற்றிக்கொள்வது எதுவும் சேராது. காயத்துக்குச் சிகிச்சை சேராது. மைதானத்துக்குப் போய் வரும் நேரம் சேராது. வெளியூர்ப் போட்டிக்குப் பஸ்ஸிலும் ஆகாய விமானத்திலும் கழியும் நேரம் சேராது. நன்கொடை திரட்டும் விருந்துகளில் சிரித்துக்கொண்டு நிற்பது சேராது. கண்காணிப்பில் படிக்கும் படிப்பும் சேராது. இதைவிட வேடிக்கை, போட்டி நடக்கும் நாள் எவ்வளவு நேரம் ஆனாலும் 3 மணி என்றே எழுதப்படும். காலை எட்டு மணிக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்பினாலும் மூன்று மணிதான்!

"வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்?" என்று கேட்கும் கணவன்மாரின் கணக்கும் இந்த ஜாதிதான். சாதம் வடிப்பது வேலை. அதற்கு முன்னால் அரிசி களைந்ததும், பின்னால் பாத்திரம் கவிழ்த்ததும், ராத்திரி அடுப்பு துடைத்ததும் எந்த ஏட்டில் ஏறுகின்றன?

அந்தச் சங்கம் 2015-ல் தானே மாணவர்களைக் கேட்டுப் பார்த்தது. மேல்மட்டப் பிரிவில் ஆடுகிறவர்கள் போட்டிப் பருவத்தில் வாரத்துக்குச் சுமார் 34 மணி நேரம் விளையாட்டுக்குப் போகிறது என்று விடை சொன்னார்கள். சட்டத்தில் 20, கடிகாரத்தில் 34. சட்டத்தை யாரும் மீறவில்லை என்பதுதான் இதில் விசேஷம்.

இன்னொரு வார்த்தையும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது: "சுய விருப்பப் பயிற்சி." ஒரு மாணவி தானாகவே வந்து பயிற்சி செய்தால் அது கணக்கில் சேராது. பயிற்சியாளர் அவளை வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. வந்தாளா என்று பதிவு செய்து அவரிடம் தெரிவிக்கக் கூடாது. வராவிட்டால் தண்டிக்கவும் கூடாது. எல்லாம் வெகு கவனமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் புதிதாக வந்த மருமகளிடம், "உனக்கு இஷ்டமிருந்தால் மட்டும் வந்து கூடமாட செய் அம்மா, கட்டாயமில்லை" என்று மாமியார் சொன்னால் அதற்கு அர்த்தம் என்ன என்று யாராவது நமக்கு விளக்க வேண்டுமா? அணித் தலைவி வருகிறாள். போட்டியில் தன் இடத்துக்கு ஆசைப்படும் இன்னொரு பெண்ணும் வருகிறாள். இவள் மட்டும் படுத்துத் தூங்குவாளா?

அதிலும் உபகாரச் சம்பளத்தில் வந்தவளானால் கேட்கவே வேண்டாம். 1973-லிருந்து வெகு காலத்துக்கு இந்த உபகாரச் சம்பளம் வருஷா வருஷம் புதுப்பித்தால்தான் உண்டு என்ற நிலை இருந்தது. ஆட்டம் சோபிக்காவிட்டால் அடுத்த வருஷம் பணம் வராமலே போகலாம். 2012-ல்தான் பல வருஷங்களுக்குச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று அனுமதி வந்தது. ஆட்டம் மோசம் என்ற ஒரே காரணத்துக்காகப் பறிக்கக் கூடாது என்று பெரிய கூட்டணிகள் தீர்மானித்தது 2015-ல். அதுவரை பயிற்சியாளரின் முகம் கோணாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு பாடமாகவே இருந்தது.

இவர்களுக்கு அமெரிக்காவில் 'மாணவ விளையாட்டு வீரர்' என்று ஒரு கூட்டுப் பெயர் உண்டு. கேட்க எவ்வளவு கௌரவமாக இருக்கிறது! மாணவர் என்பது முதலில், வீரர் என்பது பிறகு. இந்தப் பெயர் பிறந்த கதையில் ஒரு விதவை இருக்கிறாள்.

1955-ல் கொலராடோ மாகாணத்தில் போர்ட் லூயிஸ் என்ற சின்னக் கல்லூரிக்காக ரே டென்னிசன் என்பவர் அமெரிக்கப் புட்பால் ஆடினார். முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓட, எதிரிகள் மேலே விழுந்து அமுக்கும் ஆட்டம் அது. அதற்கு ஏன் கால்பந்து என்று பெயர் வைத்தார்களோ, தெரியவில்லை! ஆட்டத்தில் தலையில் அடிபட்டு டென்னிசன் இறந்துபோனார். வேலை செய்யும் இடத்தில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குக் கிடைக்கும் நஷ்ட ஈட்டைத் தனக்கும் கொடுக்க வேண்டும் என்று மனைவி கேட்டாள். கல்லூரி அவரைக் கூலிக்கு ஆட வைத்ததா, அல்லது அவர் ஒரு மாணவர்தானா என்பது கேள்வி. 1957-ல் கொலராடோ உச்ச நீதிமன்றம் அந்த அம்மாளுக்கு ஒன்றும் கிடையாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

1951 முதல் பல ஆண்டுகள் என்.சி.ஏ.ஏ.யின் தலைமை நிர்வாகியாக இருந்த வால்டர் பையர்ஸ், ஓய்வு பெற்ற பின் 1995-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவரே ஒப்புக்கொண்ட விஷயம் இது: இப்படிப்பட்ட வழக்குகள் வந்து கல்லூரிகள் முதலாளிகளாகவும் ஆட்டக்காரர்கள் தொழிலாளிகளாகவும் ஆகிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் அந்த 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற பெயரைத் தயாரித்து எல்லா விதிகளிலும் புகுத்தினார்களாம். பெயர் சூட்டு விழாவே வழக்குக்குப் பயந்து நடந்திருக்கிறது!

அறுபது வருஷம் ஆகியும் அதே கேள்வி மறுபடி கிளம்பியது. இம்முறை இல்லினாய் மாகாணத்தில், நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையில். படிப்புக்குப் பேர்போன இடம். அதன் புட்பால் வீரர்கள் பட்டம் வாங்கும் விகிதமும் தேசத்திலேயே முன்வரிசை. 2014-ல் அந்த அணியின் கெய்ன் கோல்ட்டர் என்ற இளைஞர் தம் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு தொழிற்சங்கம் வைக்கக் கிளம்பினார். விசாரித்த மத்தியத் தொழிலுறவு வாரியத்தின் பிராந்திய அதிகாரி, மாணவர்களுடைய நேர அட்டவணையை மணி மணியாகப் புரட்டிப் பார்த்தார். ஆகஸ்டு மாதப் பயிற்சி முகாமில் வாரத்துக்கு 50 முதல் 60 மணி. வகுப்புகள் நடக்கும் போட்டிப் பருவத்தில் 40 முதல் 50 மணி. இவர்கள் மாணவர்கள் மட்டுமல்ல, வேலையாட்களும்தான் என்று மார்ச் மாதத்தில் முடிவு சொன்னார். ஏப்ரலில் சங்கத்துக்கான வாக்கெடுப்பும் நடந்தது. பெட்டியைத் திறப்பதற்குள் மேல்முறையீடு. 2015 ஆகஸ்டில் தலைமை வாரியம், 'இந்த விவகாரத்தில் நாங்கள் தலையிடவில்லை' என்று கையை விரித்துவிட்டது. வாக்குகள் எண்ணப்படவே இல்லை.

சட்டச் சண்டை கிடக்கட்டும். அந்த விசாரணையில் கோல்ட்டர் சொன்ன ஒரு சின்ன விஷயம்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. அவருக்கு டாக்டராக வேண்டும் என்று ஆசை. அதற்கு ரசாயனப் பாடம் எடுத்தாக வேண்டும். இரண்டாம் வருஷத்தில் எடுக்கப் பார்த்தார். வகுப்பு நேரமும் பயிற்சி நேரமும் மோதின. வேறு பாடம் பார்த்துக்கொள் என்று யோசனை சொன்னார்கள். மற்ற மாணவர்களுக்குப் பின்னால் தங்கிப்போய், கடைசியில் மனோதத்துவத்துக்கு மாறிக்கொண்டார். எங்கள் அணியில் டாக்டரானவர்களும் எஞ்சினீயரானவர்களும் உண்டு என்று சர்வகலாசாலை பதில் சொன்னது. அதுவும் பொய்யில்லை. ஆனாலும் ரசாயன சோதனைச்சாலை என்பது பெரும்பாலும் பிற்பகலில், மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் நடப்பது. அதே பிற்பகலில்தான் அணிப் பயிற்சியும். எது நகரும், எது நகராது என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

தூக்கம் கெடுவதையும் கால் வலிப்பதையும் இளம் வயது தாங்கிக்கொள்ளும். இரண்டு நாள் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டால் சரியாகிவிடும். ஆனால் 'நீ என்ன படிக்கப் போகிறாய்?' என்ற கேள்விக்குப் பெண்ணோ, பெற்றோரோ, பேராசிரியரோ விடை சொல்லாமல், பயிற்சி அட்டவணை விடை சொல்லுகிறதே, அதை எந்த ஐஸ் கட்டி வைத்துச் சரி செய்வது? உபகாரச் சம்பளம் கொடுப்பது படிப்பதற்காக. அதைச் சம்பாதிக்க உழைக்கும் நேரம், அந்தப் படிப்பின் கழுத்தையே பிடிக்கிறது. ஓர் அணியில் இத்தனை பேர் ஏன் ஒரே பாடத்தில் போய்க் குவிகிறார்கள் என்று அங்குள்ள பேராசிரியர்கள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிற்பகல் வகுப்பு இல்லாத பாடம் எது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

இது எந்த மட்டும் போகும் என்பதற்கு வட கரோலினா சர்வகலாசாலை சாட்சி. 1993 முதல் 2011 வரை அங்கே ஒரு துறையில் 'காகித வகுப்புகள்' நடந்தன. வகுப்பும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது. ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் மார்க்கு. 2014-ல் வெளியான விசாரணை அறிக்கையின்படி 3,100-க்கு மேற்பட்ட மாணவர்கள் அதில் சேர்ந்திருந்தார்கள். கிட்டத்தட்டப் பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள். விளையாடாத மாணவர்களுக்கும் அந்த வகுப்புகள் திறந்தே இருந்தன, ஆகையால் எங்கள் விதி மீறப்படவில்லை என்று 2017-ல் என்.சி.ஏ.ஏ. சொல்லிவிட்டது. ஊருக்கெல்லாம் சேர்த்துச் சோற்றில் கல்லைப் போட்டால் குற்றமில்லை போலும்!

"அதெல்லாம் சரி, கெட்டிக்காரப் பிள்ளையானால் இரண்டையும் சமாளிக்காதா?" என்று கேட்பீர்கள். சமாளித்தவர்கள் இருக்கிறார்கள். மைரன் ரோல் என்பவரைப் பற்றிச் சொன்னால் சினிமாக் கதை என்பீர்கள். பிளாரிடா ஸ்டேட் சர்வகலாசாலையின் புட்பால் வீரர். இரண்டரை வருஷத்திலேயே பட்டப் படிப்பை முடித்தவர். 2008 நவம்பரில் ஆக்ஸ்போர்டில் படிப்பதற்கான ரோட்ஸ் உபகாரச் சம்பளத்துக்கு அலபாமாவில் நேர்முகப் பரீட்சை. அன்றைக்கே அவர் அணிக்கு மேரிலண்டில் போட்டி. பரீட்சையில் ஜெயித்த செய்தியைக் காதில் வாங்கிக்கொண்டு, தனி விமானத்தில் பறந்து, ஆட்டம் பாதி முடிவதற்குள் மைதானத்துக்கு வந்து சேர்ந்தார். ஆக்ஸ்போர்டுக்குப் போய் வந்து, தொழில்முறை ஆட்டத்தையும் கொஞ்ச காலம் முயன்று பார்த்துவிட்டு, மருத்துவம் படித்து இப்போது மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர்.

நமக்குத் தெரிந்த பிள்ளையும் ஒருவர் உண்டு. சென்னையில் பள்ளிக்கூடம் படித்த டென்னிஸ் வீரர் சோம்தேவ் தேவ்வர்மன். வர்ஜீனியா சர்வகலாசாலையில் நாலு வருஷமும் இருந்து சமூகவியல் படித்தார். 2007, 2008 இரண்டு வருஷமும் அமெரிக்கக் கல்லூரிகளின் ஒற்றையர் சாம்பியன். 2009-ல் சென்னை ஓபன் இறுதி ஆட்டம் வரை வந்தபோது நுங்கம்பாக்கமே ஆரவாரித்தது. அவருக்கு முன்பே மிஸிஸிப்பி சர்வகலாசாலையில் ஆடிய மகேஷ் பூபதி 1995-ல் கல்லூரி இரட்டையர் பட்டம் வாங்கியிருக்கிறார். அவரும் சென்னையில் பிறந்தவர். அந்தப் பயிற்சியும் அந்த மைதானங்களும் இல்லாவிட்டால் இவர்கள் இந்த உயரத்துக்கு வந்திருப்பார்களா என்பது சந்தேகமே.

ஆனால் மைரன் ரோலுக்கு வந்த மாதிரி எல்லோருக்கும் தனி விமானம் வராது. அந்த ஐந்து லட்சம் பேரில் தொழில்முறை ஆட்டக்காரராகப் போகிறவர்கள் வெகு சொற்பம். மற்றவர்கள் அனைவரும் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டுதான் பிழைக்க வேண்டும்.

பெண்களைப் பொறுத்தவரை இந்தக் கதைக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 1972-ல் அமெரிக்க அரசாங்கம், தன்னிடம் பணம் வாங்கும் கல்லூரிகள் ஆண் பெண் பேதம் பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்டது. அதற்கு முன் தேசம் முழுவதிலும் கல்லூரி அணிகளில் ஆடிய பெண்கள் சுமார் 30,000 பேர். இப்போது இரண்டு லட்சத்துக்கு மேல். ஒரு தலைமுறைப் பெண்கள் கோர்ட்டிலும் கல்லூரி வாசலிலும் போராடி வாங்கிய இடம் அது. அதனால்தான் ஐந்து மணி அலாரத்தைப் பற்றி எந்தப் பெண்ணும் லேசில் புகார் சொல்வதில்லை. 'கஷ்டமாக இருந்தால் வீட்டுக்குப் போயேன்' என்று சொல்லக் காத்துக்கொண்டிருப்பவர்கள் எந்த ஊரிலும் உண்டல்லவா?

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். அதைச் சொல்லாமல் விட்டால் நேயர்கள் மன்னிக்க மாட்டார்கள். இவ்வளவு ஓடி ஆடும் பிள்ளைகளுக்கு வயிறார உணவு போடுவதற்கும் ஒரு காலத்தில் விதி குறுக்கே நின்றது. உபகாரச் சம்பளத்தில் இருப்பவருக்கு நாளைக்கு மூன்று வேளை உணவு, அல்லது அதற்கான படிக்காசு. அதற்கு மேல் கொடுத்தால் சலுகை காட்டிய குற்றம்! 2014 ஏப்ரலில் கனெடிகட் சர்வகலாசாலையின் கூடைப்பந்து அணி தேசத்திலேயே முதலாவதாக வந்தது. அந்த அணியின் நட்சத்திரமான ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பசியோடு படுத்திருக்கிறேன் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். தேசமே பார்த்துக் கைதட்டிய பிள்ளை! யோசனை ஏற்கனவே பரிசீலனையில் இருந்தது என்கிறார்கள். எப்படியோ, அதே மாதத்தில் எத்தனை வேளை வேண்டுமானாலும் சாப்பாடு போடலாம் என்று விதி மாறியது.

தூக்கத்தைப் பற்றி ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் ஓர் அழகான சோதனை செய்தார்கள். 2011-ல் அதன் முடிவு வெளிவந்தது. கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் பதினோரு பேரை ஐந்து முதல் ஏழு வாரங்கள் வரை தினமும் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். வேறு மருந்தில்லை, மாத்திரையில்லை. ஓட்டத்தில் வேகம் கூடியது. பந்தைக் கூடையில் போடும் குறி நூற்றுக்கு ஒன்பது பங்கு மேம்பட்டது! இதைப் படித்த பயிற்சியாளர்கள் காலைப் பயிற்சியை ஒத்தி வைத்திருப்பார்கள் என்று நினைத்தால் அது நம்முடைய வெகுளித்தனம். ஆனாலும் 2017 ஆகஸ்டிலிருந்து ஒரு விதி வந்தது: இரவு ஒன்பதுக்கும் காலை ஆறுக்கும் நடுவில் எட்டு மணி நேரமாவது சேர்ந்தாற்போல் மாணவர்களை விட்டுவிட வேண்டும். எட்டு மணி நேரம் பயிற்சிக்குக் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான். பாக்கி வைத்த கட்டுரை கூப்பிடுமே!

ஒரு கையால் இப்படிக் கொடுத்ததை மறு கை எடுத்துக்கொண்டுவிட்டது. இந்தக் கல்லூரிகள் கூட்டணி கூட்டணியாகச் சேர்ந்து தமக்குள் போட்டி நடத்துகின்றன. ஆதியில் அக்கம்பக்கத்துக் கல்லூரிகள்தாம் ஒரு கூட்டணி. பஸ்ஸில் போய் ஆடிவிட்டு ராத்திரியே திரும்பிவிடலாம். பிறகு டெலிவிஷன் வந்தது. 'பிக் டென்' என்ற கூட்டணி 2022-ல் ஏழு வருஷ ஒளிபரப்புக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்தப் பந்தியில் உட்கார எல்லோருக்கும் ஆசை. 2024 ஆகஸ்டில் மேற்குக் கரையிலுள்ள யு.சி.எல்.ஏ. உள்பட நாலு சர்வகலாசாலைகள் அதில் சேர்ந்தன. அதே கூட்டணியில் கிழக்குக் கரையோரம் நியூ ஜெர்ஸியிலுள்ள ரட்கர்ஸும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர்! கடிகாரத்தில் மூன்று மணி வித்தியாசம். பணம் கொட்டுவது புட்பாலுக்காக. அவர்கள் பறப்பதோ பெரும்பாலும் வாரம் ஒரு தடவை, சனிக்கிழமை ஆட்டத்துக்கு. வாலிபால் ஆடும் பெண்களுக்கு வார நடுவிலும் போட்டி உண்டு. விமான நிலையத்தில் பெட்டியின் மேல் புத்தகத்தை விரித்துப் பரீட்சைக்குப் படிக்கும் அந்த நேரம் 20 மணியில் சேராது என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே.

பணமும் இப்போது வரத் தொடங்கிவிட்டது. 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் ஒரு பெரிய வழக்கு சமரசமாகி, முதல் வருஷத்தில் ஒவ்வொரு கல்லூரியும் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம் என்று ஆகியிருக்கிறது. டென்னிசனின் மனைவி கேட்ட தொகை இதில் எத்தனையில் ஒரு பங்கோ! பெரும் பகுதி புட்பால், கூடைப்பந்து ஆடும் பையன்களுக்குப் போகும் என்கிறார்கள். அந்தச் சமரசத்தில் பங்கு பிரிக்கும் பேச்சு இருந்ததே தவிர, மணிக்கணக்கைப் பற்றிப் பேச்சில்லை.

நம்மவர்கள் பலர் அமெரிக்காவில் குடும்பத்தோடு இருக்கிறார்கள். பெண்ணை டென்னிஸுக்கும் நீச்சலுக்கும் விடியற்காலையில் காரில் கொண்டுபோய் விடுகிறார்கள். இங்கிருந்தும் உபகாரச் சம்பளத்தில் அனுப்புகிறவர்கள் உண்டு. அனுப்ப வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பெண் பார்க்கும்போதும் மாப்பிள்ளை பார்க்கும்போதும் எத்தனை விசாரிக்கிறோம்! பயிற்சியாளர் வீடு தேடி வந்து இனிக்க இனிக்கப் பேசும்போது இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். 2017-லிருந்து பெரிய சர்வகலாசாலைகளில் ஒவ்வொரு அணியும் தன் நேரத் திட்டத்தை எழுதி மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தக் காகிதத்தை வாங்கி, உங்கள் பெண் படிக்க விரும்பும் பாடத்தின் வகுப்பு அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சோதனைச்சாலை நேரம் எங்கே விழுகிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். அடுத்தது, போன நாலு வருஷத்தில் இந்த அணியிலிருந்து பட்டம் வாங்கிய பெண்கள் என்னென்ன பாடத்தில் வாங்கினார்கள் என்று கேளுங்கள். எத்தனை பேர் வாங்கினார்கள் என்று அவர் பெருமையோடு சொல்லுவார். எந்தப் பாடத்தில் என்பதற்குப் பதில் வரும்வரை காப்பித் தம்ளரை அவர் கையில் கொடுக்க வேண்டாம்.